கருவேல மரத்தில் தொங்கிய சட்டை

பங்குனி வெயிலில், கழுத்துப் பொத்தான் வரை மாட்டிய முழுக்கைச் சட்டையோடு ஒரு ஆள் பம்ப்செட்டில் குளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அது என் தம்பி. சட்டைக்கு மேலேயே சோப்புப் போடுவான், சட்டைக்கு மேலேயே தேய்ப்பான், நுரை போகும்வரை தண்ணீருக்கு அடியில் நிற்பான். சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு முழுக்கைச் சட்டைக்கு மாறுவான். "வேர்க்கலையாலே உனக்கு?" என்று கேட்டால், கன்னத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருக்கும்போதே, "எனக்கு எங்கக்கா வேர்க்குது?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பிழை திருத்துகிறவள் நான். நல்ல நேரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கம்போஸ் செய்தவனைக் கூப்பிட்டு வைத்துக் கத்துவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். சந்தோஷமும் அப்படித்தான், வந்தால் தெருவுக்கே தெரியும். இதை எழுத உட்கார்ந்ததும் கை பரபரக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. சரி, வேனிலிருந்து தொடங்குகிறேன்.

தம்பி பட்டாசு லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு தீபாவளி சீசனில் அவன் கொண்டுபோன லோடில் பல பெட்டிகளைக் காணோம் என்று கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டார்கள். காலையில் இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "வாங்க தம்பி, அஞ்சு நிமிசம் பேசணும்" என்று என்ன மரியாதையாகக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அம்மா அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்தாள். அந்த அஞ்சு நிமிடம் முடிவதற்குள் நாங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து நாட்களை ஓட்டிவிட்டோம். எந்த ஊர் ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. கடைசியில் பெட்டிகள் வேறொரு குடோனில் பத்திரமாக இருந்தன, ஏற்றியவர்கள் இடம் மாற்றி இறக்கியிருக்கிறார்கள். "சரி, போலாம்" என்று விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தபோது அவன் மேல் இருந்தது அவனுடைய சட்டை இல்லை. யாரோ ஒரு தடித்த ஆளின் சட்டை, தோள்பட்டை முழங்கை வரை இறங்கிக் கிடந்தது. இடது தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்தான். அவனுடைய சட்டை எங்கே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையை அவனே கொல்லையில் போட்டு எரித்தான். அன்றிலிருந்து முழுக்கைதான், கழுத்துப் பொத்தான்தான். கட்டின மனைவி முன்னால்கூடக் கழற்றவில்லை.

எங்கள் தெருவும் கேட்கவில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் கேட்காமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? எதிர்வீட்டில் இருந்து நீராகாரம் வந்தது. மூன்றாம் வீட்டுக்காரர் இளநீர்க் குலையையே இறக்கிவைத்துவிட்டுப் போனார். ஒருத்தி நுங்கு கொண்டுவந்தாள், ஒருத்தி வெந்தயத்தை ஊறவைத்துக் கொண்டுவந்தாள். "ரத்தம் பயந்துபோச்சு, சூடு உள்ள தங்கிருச்சு, குளிர்ச்சியாக் குடுங்க" என்று வருகிறவர்கள் எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. தம்பியும் அதையேதான் சொன்னான். எப்படிலே இருக்கு என்றால், "உடம்பு சூடுக்கா." அவ்வளவுதான்.

கேஸ் போடு என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குப் பயம். அவன்தான் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "வக்கீலப் பாக்கணும்" என்றான். "எனக்குப் பொட்டி திருடுனவன்னு பேரு. பொட்டி கெடச்ச பெறகும் அந்தப் பேரு போகல. என்னைய என்ன செஞ்சாகன்னு எழுத்துல வரணும்" என்றான். வக்கீல் மனு எழுதினார். விசாரணை ஏற்பாடாயிற்று. விருதுநகரில் ஒரு டாக்டர் அவன் உடம்பைப் பார்த்துத் தழும்புகளைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று தேதியும் கொடுத்தார்கள்.

நானும் கூடப் போனேன். டாக்டர் தங்கமான மனுஷன், குரலே உயராது. "வாங்க தம்பி, சட்டையைக் கழட்டிட்டு அப்படி உக்காருங்க" என்றாரோ இல்லையோ, இவன் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டான். நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனைப் பிடிக்க முடியவில்லை. இன்னொரு தேதி கிடைப்பதற்கு வக்கீல் படாத பாடு பட்டார். "இதான் கடைசி. இந்தத் தடவையும் அவர் சட்டையக் கழட்டலைன்னா காயத்துக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதி மூடிருவாங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். புதுத் தேதி எங்கள் தெரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த மறு வாரத்தில் விழுந்தது.

வக்கீல் சொல்லித்தான் மதுரையில் இருந்து அந்தப் பெண் வந்தாள். இந்த மாதிரி அடிபட்டு வந்தவர்களிடம் பேசி மனதைத் தேற்றுகிற வேலை. சின்ன வயது, நல்ல சிரிப்பு. எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் கவுன்சிலிங் மேடம். முதல் நாள் வந்து, "இவர்கூடத் தனியாப் பேசணும்" என்று எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவளே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். "அக்கா, சாத்துன ரூமு, எதுத்தாப்புல ஒரு ஆளு, கேள்வி மேல கேள்வி. நான் என்ன செஞ்சிட்டேன் பாருங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அடுத்த தடவையில் இருந்து வாசல் வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்துதான் பேச்சு. அது பெரிய கூத்து. கேள்வி தம்பிக்கு, பதில் அம்மா சொல்வாள்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"எங்க மேடம் வருது, பொரண்டுக்கிட்டே கெடக்கான்" என்பாள் அம்மா.

"கெட்ட கனவு ஏதும் வருதா?"

"கனவெல்லாம் இல்ல. வகுறு சூடு" என்பாள் தம்பி மனைவி.

"வெடிச் சத்தம் கேட்டாப் பயமா இருக்கா?"

இதற்கு மட்டும் தம்பியே வாய் திறந்தான். "வெடிச் சத்தத்துக்குப் பயந்தா இந்தப் பக்கத்துல சோறு திங்க முடியுமா மேடம்?" என்றான். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். மேடமும் சிரித்தாள். பிறகு, "அப்ப எதுக்குத்தான் பயம்?" என்று மெல்லக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாங்க தம்பின்னு கூப்புட்டா" என்றான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவனை யாரும் மரியாதையாகக் கூப்பிடவில்லை. ஏலே, வாலே, போலே என்றுதான். பால்காரர்கூட "ஏலே, பாலு" என்று கத்திவிட்டுப் போனார்.

மேடத்திடம் ஒன்று கேட்டேன். எல்லா ஊரிலும் இப்படித்தான் சூடு என்று சொல்வார்களா? இல்லையாம். ஒரு பக்கத்தில் நெஞ்சு கனக்குது என்பார்களாம், ஒரு பக்கத்தில் பேய் அடித்துவிட்டது என்பார்களாம், சில இடங்களில் மனசு சரியில்லை என்று நேராகவே சொல்லிவிடுவார்களாம். "அடி விழுறது ஒண்ணுபோலத்தான்க்கா விழுது. வலி ஊருக்கு ஒரு வழியில வெளிய வருது. நான் அந்த வழியத் தேடித்தான் அலையுறேன்" என்றாள். வடை சுட்டுக் கொடுத்தேன் அவளுக்கு.

இதற்கு நடுவில் அம்மா ஒரு காரியம் செய்துவைத்திருந்தாள். தம்பி உள்ளே இருந்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாளாம். பிள்ளை உயிரோடு வந்தால் வெற்றுடம்போடு அக்கினிச் சட்டி எடுப்பான் என்று. எங்கள் பக்கத்து அம்மாமார்களுக்கு இது சகஜம். பிள்ளையின் உடம்பைப் பிள்ளையைக் கேட்காமல் அம்மனிடம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் பால் திரிந்தாலும் "நேர்ச்சை பாக்கி இருக்குல்ல" என்று ஆரம்பித்துவிடுவாள். தம்பி மாட்டேன் என்றான். "சட்டையோட எடுக்கட்டுமா?" என்று கேட்டான். "சட்டையோட எடுத்தா அது நேர்ச்சையாலே? வெத்து ஒடம்புன்னுல்ல ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கேன்" என்று அம்மா அழுதாள். நடுவில் நான் புகுந்து இரண்டு பேரையும் திட்டினேன். "ஒடம்பு அவனோடது, வாய் உன்னோடது. நேந்த வாயால நீயே சட்டி எடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படியே பங்குனிப் பொங்கல் வந்துவிட்டது. அடடா, எங்கள் தெருப் பொங்கலை நீங்கள் பார்க்கவேண்டும்! கம்பெனிகளுக்கு லீவு. வெடிமருந்து நெடி இல்லாமல் தெரு முழுக்க வேப்பிலை வாசம். காலையிலேயே உறுமியும் கொட்டும் கிளம்பிவிடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது, இந்த வயதிலும். அன்றைக்குப் பெரிய விசேஷம் சேத்தாண்டி வேஷம். நேர்ச்சை வைத்த ஆண்கள் கண்மாய்ச் சேற்றை உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு, இடுப்பில் வேப்பங்குழை கட்டி, கொட்டுக்கு ஆடிக்கொண்டே கோயிலுக்கு வருவார்கள். உடம்புச் சூடு இறங்கவேண்டும், அம்மை அண்டக்கூடாது என்று வேண்டிக்கொள்வது. சேறு பூசிவிட்டால் அன்றைக்கு அவனுக்குப் பெயர் கிடையாது. முதலாளி மகனோ மூட்டை தூக்குகிறவனோ, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வேப்பங்குழையால் அவன் நம் தலையில் தட்டினால் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்று காலை தம்பி மனைவி மூச்சு வாங்க, தெருக் கடைசியில் இருக்கிற என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"மதினி, அவுகளக் காணோம். விடியமுன்ன எந்திரிச்சுப் போனவுக. செல்லும் வீட்டுலயே கெடக்கு."

"எங்கயாவது டீ குடிக்கப் போயிருப்பான், இரு."

"டீக்கடைல இல்ல மதினி. முந்தாநாளு வக்கீல் போன் பண்ணாருல்ல, தேதிய மறந்துறாதீகன்னு. அதுலருந்து ஒரு வாய் சோறு எறங்கல அவுகளுக்கு."

ஆஸ்பத்திரியில் இருந்து ஓடியவன் ஊரைவிட்டே ஓடமாட்டான் என்று என்ன நிச்சயம்? அவளை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப், இல்லை. அவன் இப்போது பெட்டி கட்டுகிற வேலை பார்க்கும் பட்டாசு யூனிட்டின் கேட்டு, பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன், "இங்கன வரலையே" என்றார். பம்ப்செட்டிலும் இல்லை. "எலே கோட்டிக்காரா, எங்கலே போய்த் தொலைஞ்ச" என்று வண்டி ஓட்டிக்கொண்டே சத்தமாகத் திட்டினேன். திட்டிக்கொண்டிருந்தால் அழுகை வராது.

கண்மாய்க் கரையில் வண்டியைத் திருப்பினபோதுதான் அதைப் பார்த்தேன். கருவேல மரத்துக் கிளையில் அவனுடைய முழுக்கைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கோடு போட்டது, நான் எடுத்துக்கொடுத்தது. பொத்தான் எல்லாம் திரும்ப மாட்டி, கடையில் தொங்குவது மாதிரி நேராகத் தொங்கியது. அவன் இல்லை, சட்டை மட்டும். அதுவும் கண்மாய்க் கரையில். தம்பி மனைவி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு கரையில் ஏறிப் பார்த்தேன். பங்குனியில் கண்மாயில் எங்கே தண்ணீர் இருக்கிறது? நடுவில் ஒரு பள்ளத்தில் கரம்பைச் சேறு, அதற்கும் தண்ணீர் லாரி கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். அதைச் சுற்றி ஏகப்பட்ட காலடிகள், சிதறிக் கிடந்த வேப்பிலைகள். அந்தப் பக்கக் கரையில் இருந்து கொட்டுச் சத்தம் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சேத்தாண்டிகள்! கூட்டமாக, கன்னங்கரேலென்று, வெயிலில் மினுங்கிக்கொண்டு போகிறார்கள். அட! எனக்குப் பொறி தட்டியது.

"எந்திரிடி! அங்க பாரு!" என்று கத்தினேன். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். சேலை முள்ளில் மாட்டியது, இழுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்துக்குப் பக்கத்தில் போனால் யாரைத் தேடுவது? எல்லாம் ஒரே நிறம். கண்ணும் பல்லும்தான் வெள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல், சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பீ!" என்று அடிவயிற்றில் இருந்து கத்தினேன். அத்தனை சேத்தாண்டிகளும் திரும்பி, "என்னக்கா?" என்றார்கள். நாசமாய்ப் போகிறவர்கள், அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போதே. அவர்கள் ஆடிக்கொண்டே போய்விட்டார்கள். அதில் அவன் இருக்கிறானா இல்லையா என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். காலில் ஊற்றுவதும், குனிந்து வேப்பிலை வாங்குவதும், குலவை போடுவதும், ஒரே அமளி. நான் ஒவ்வொரு சேத்தாண்டியின் முகத்துக்கும் நேராகப் போய் உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருவன் என் மூக்கில் சேற்றைத் தடவிவிட்டான். இன்னொருவன் தோளைப் பார்த்தேன், நேராக இருந்தது, இவன் இல்லை. கோயில் முனை வரைக்கும் வந்துவிட்டோம்.

கோயில் முனையில் பந்தோபஸ்துக்கு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வெளியூர்ப் பையன், மீசைகூடச் சரியாக வளரவில்லை. காக்கிச் சட்டை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது. முன்னால் போன சேத்தாண்டிகள் எல்லாம் அவரைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கோயிலுக்குள் போனார்கள். ஒருவன் மட்டும் நின்றுவிட்டான். அவருக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில். ஆடவில்லை. கொட்டு அடிக்கிறது, சுற்றிலும் எல்லாரும் ஆடுகிறார்கள், அவன் மட்டும் அப்படியே நிற்கிறான். இடது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அடி ஆத்தீ. என் கையில் இருந்த சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தம்பி மனைவி என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். ஓடப்போகிறான் என்று நினைத்தேன். அல்லது அடிக்கப்போகிறான். கையில் வேப்பங்குழையைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனாலும் பயம். வெற்று உடம்பு, இடுப்பில் ஒரு அரைக்கால் டவுசர், மேலே சேறு. எதிரே காக்கி.

அந்தப் போலீஸ்காரப் பையன் என்ன செய்தான் தெரியுமா? தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இரண்டு கையையும் கூப்பினான். "சாமி" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையையே தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கி, அந்தத் தலையில் வேப்பங்குழையால் ஒரு தட்டுத் தட்டினான். இன்னொரு தடவையும் தட்டினான். கட்டைவிரலில் தன் நெஞ்சுச் சேற்றை வழித்து அவன் நெற்றியில் இட்டான். "நல்லா இரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு கொட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினான் பாருங்கள், ஆடினான்! தோள் சாய்ந்திருக்க, கை இரண்டையும் விரித்து, சேறு தெறிக்கத் தெறிக்க அப்படி ஒரு ஆட்டம். நான் குலவை போட்டேன். எனக்குக் குலவையே வராது, காற்றுதான் வரும். அன்றைக்கு வந்தது. தொண்டை கட்டும் வரை போட்டேன்.

கோயிலைச் சுற்றி வந்த பிறகு சேத்தாண்டிகள் பம்ப்செட்டுக்குக் குளிக்கப் போனார்கள். எல்லாரும் குளித்துக் கிளம்பும்வரை அவன் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான். சேறு காய்ந்து உடம்பெல்லாம் வெடித்திருந்தது. நான் கொஞ்ச தூரத்தில் சட்டையோடு நின்றேன். தம்பி மனைவி துண்டு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். கடைசியில் எழுந்து தண்ணீருக்கு அடியில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"அக்கா, முதுகு எட்டல. தேச்சுவிடு."

அவன் டவுசர் போடாத வயதில் தேய்த்துவிட்ட முதுகு அது. பக்கத்தில் போய்த் தேய்த்தேன். சேறு கரையக் கரைய ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முதுகில், விலாவில், தோளுக்குப் பின்னால். அதுவரை நான் பார்த்ததில்லை. என் கை நின்றால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று நிறுத்தாமல் தேய்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, அந்த ஸ்டேஷனை அப்படியே தூக்கிக் கண்மாயில் போடலாம் போல இருந்தது. வாயில் வந்தது வேறு. "எம்புட்டு அழுக்குலே! சட்டையோட குளிச்சா இப்படித்தான் அப்பிக் கெடக்கும்" என்று அதட்டினேன்.

அவன் திரும்பாமலேயே பேச ஆரம்பித்தான். என் கை எந்தத் தழும்பின் மேல் போகிறதோ அது எப்படி வந்தது என்று சொன்னான். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் எழுதலாம் என்று அவனே அனுமதி கொடுத்திருக்கிறான். "அங்க வச்சு எல்லாத்தையும் உருவிட்டு நிறுத்துனாகக்கா. போறவன் வாரவன் எல்லாம் பாத்துச் சிரிச்சான். அதுலருந்து எவன் பாத்தாலும் சட்டைக்குள்ள பாக்குற மாதிரியே இருந்துச்சு. இன்னைக்கு ஊரே பாத்துச்சு. எல்லாரும் கும்புட்டாக." அவ்வளவு சொல்லிவிட்டுத் தலையைத் தண்ணீருக்கு அடியில் நீட்டினான். பிறகு, "கழுத்துக்குப் பின்னால இன்னும் சேறு இருக்கு பாரு" என்றான்.

அன்று சாயங்காலம் மேடத்துக்குப் போன் போட்டேன். போட்டுவிட்டு என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அம்புட்டு வேகமாகப் பேசியிருக்கிறேன். "அக்கா, அக்கா, மொதல்ல இருந்து, மெதுவா" என்றாள். மறுபடி சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அக்கா, இன்னொருத்தருக்கு நான் இதச் சொல்லிக் குடுக்க முடியாதே. உங்க தெருவுல, உங்க சேத்துல, இவருக்கு மட்டும்ல நடந்திருக்கு" என்றாள். "டாக்டர்கிட்ட மறுபடி ஓடினாலும் திட்டாதீங்க, ஒரு நாள்ல எல்லாம் சரியாகிறாது" என்றும் சொன்னாள். போனை வைத்ததும் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினேன்.

அம்மாவின் இருக்கன்குடி நேர்ச்சைதான் பாக்கி. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "வெத்து ஒடம்போட நம்ம தெரு ஆத்தா முன்னால வந்துட்டான்ல. இவளும் மாரிதான், அவளும் மாரிதான். அக்கா தங்கச்சிக்குள்ள அவுக பேசித் தீத்துக்கிருவாக" என்று சொல்லி மாவிளக்கு இடிக்க உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாள் எங்களை அழவைத்தவள்! சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நானும் ஒரு உலக்கையைப் பிடித்தேன்.

தேதி வந்தது. விருதுநகர் பஸ்ஸில் அவன் ஜன்னலோரம், நான் பக்கத்தில். அதே முழுக்கை, அதே கழுத்துப் பொத்தான். பார்த்ததுமே எனக்கு மனசு விட்டுப்போனது. ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் ஒரு பஸ் பயணம் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு முழுக்க ஆட்கள், இரண்டு போலீஸ்காரர்கள் யாரையோ கூட்டிவந்து நின்றிருந்தார்கள். கதவு திறந்தது. அதே டாக்டர், அதே தங்கமான குரல்.

"வாங்க தம்பி."

தம்பியின் தோள் இறுகியதைப் பார்த்தேன். எழுந்து உள்ளே போனான். கதவைச் சாத்தினார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடுவதற்குத் தயாராகப் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். கதவு திறக்கவே இல்லை. ஒரு நர்ஸ் உள்ளே போனாள், அளக்கிற டேப் ஒன்றை எடுக்க வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். வெயில் வராந்தாவில் இந்தக் கம்பியில் இருந்து அந்தக் கம்பிக்கு நகர்ந்தது.

கடைசியில் கதவு திறந்து வெளியே வந்தான். சட்டை தோளில் கிடந்தது. வெற்று உடம்போடு, அத்தனை தழும்போடு, பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் நடுவில், அந்த இரண்டு போலீஸ்காரர்களையும் தாண்டி என்னைப் பார்த்து நடந்து வந்தான். வழக்கம்போல அதட்டல்தான் வந்தது.

"ஏலே, சட்டையப் போடுலே!"

அவன் சட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் இரு அக்கா. வேர்க்குது" என்றான்.